கொதித்த இயந்திரமும் குடாநாட்டுக் கிணற்று நீரும்

மோட்டார் வாகனத்தின் வரலாற்றை எழுதுவோர் இயந்திரத்தின் வலுவையும் வேகத்தையும் பற்றியே பெரிதும் எழுதுவர். அந்த இயந்திரம் எரிந்து போகாமல் காத்த தண்ணீரைப் பற்றி எழுதியோர் சிலரே. ஆனால் மோட்டார் வாகனத்தின் வரலாறு ஒரு வகையில் தண்ணீரின் வரலாறும் ஆகும்.

1886 இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற வாகனத்தில் ரேடியேற்றர் இருக்கவில்லை. உருளையைச் சுற்றி நின்ற நீர் கொதித்து ஆவியாகிப் போகும். ஓட்டுபவர் மீண்டும் மீண்டும் நீர் ஊற்றவேண்டும். 1888 இல் அவரது மனைவி பேர்த்தா பென்ஸ் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஓட்டிச் சென்றபோது வழியெங்கும் தண்ணீர் தேட நேர்ந்தது. 1900 இல் வில்ஹெல்ம் மேபாக் தேன்கூடு போன்ற ரேடியேற்றரை அமைத்த பின்னரே இந்த நிலை மாறியது. 8,000 க்கும் மேற்பட்ட சிறு குழாய்களை ஒன்றாகப் பற்றவைத்துச் செய்த அந்த அமைப்பினால், குறைந்த நீரைக் கொண்டே நெடுந்தூரம் ஓட முடிந்தது. ஆயினும் குழாய்களும் பற்றுகளும் பெருகிய இடத்தில் ஒழுக்கும் பெருகும் அல்லவா?

இந்த ஒழுக்கு யாழ்ப்பாணத்துக்கு எவ்வாறு வாழ்வுப் பிரச்சினையாக வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இலங்கையில் 1960 களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாகக் கார் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இருந்த கார்களையே திருத்தித் திருத்தி ஓட்டவேண்டியிருந்தது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஆகியன குடாநாட்டின் வாடகைக் கார்களாகவும் கலியாணக் கார்களாகவும் நிலைத்தன. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டு பொருளாதாரத் தடை இறுகியபோது, இவற்றுள் பலவற்றுக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது.

பெற்றோல் கிடைக்கவில்லை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் கார்புரேற்றரில் விட்டு இயந்திரத்தைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். செய்தி தேடி அக்காலத்தில் ஊர் ஊராக அலைந்த எனக்கு, கறுப்புப் புகையும் அந்த மணமும் இன்றும் நினைவில் உள்ளன. எங்கள் வைத்தியசாலைகளுக்கு நோயாளரையும் பிள்ளைப்பேற்றுக்குரிய தாய்மாரையும் கொண்டு சென்றவை பெரும்பாலும் இக்கார்களே.

மண்ணெண்ணெய் இயந்திரத்திடம் முரணான இரண்டு காரியங்களைக் கேட்கிறது. மண்ணெண்ணெய் நன்றாக ஆவியாகவேண்டுமானால் இயந்திரம் போதிய சூட்டில் இருக்கவேண்டும். இல்லையேல் எரியாத எண்ணெய் உருளைச் சுவர் வழியே இறங்கி, அடியிலுள்ள மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். அதேவேளை, மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு மிகக் குறைவு என்பதால், சூடு சற்றே மிகுந்தாலும் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து இயந்திரம் 'தட்டும்'. அந்தத் தட்டலில் உருளைத்தலையின் கஸ்கற் எரிந்துபோகும். கஸ்கற் போனால் நீர் எண்ணெயோடு கலக்கும். எண்ணெய் பால் கலந்த தேநீர் போல் ஆகும். வெப்ப நாடு என்று சொல்லித் தேமோஸ்ராற்றைக் கழற்றி எறிவது எங்கள் கராஜ்களின் பழைய வழக்கம். மண்ணெண்ணெய் காலத்தில் அந்த வழக்கம் பொருந்தவில்லை.

மூன்றாவது சிக்கல் எங்கள் நிலத்திலேயே இருந்தது. குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்தது. கிணற்று நீரைக் கொதிக்கவைத்த கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு எல்லா வீட்டாருக்கும் தெரியும். அதே படிவு ரேடியேற்றரின் நுண்குழாய்களையும் அடைத்தது. குளிர் நாடுகளில் நீர் உறையாதிருக்கச் சேர்க்கும் திரவத்தில் துருவைத் தடுக்கும் மருந்தும் சேர்ந்திருக்கும். உறைபனி இல்லாத நாட்டில் அத்திரவம் எதற்கு என்று வெறும் நீரையே ஊற்றி வந்ததால், வார்ப்பிரும்பு இயந்திரம் உள்ளிருந்தே துருப்பிடித்தது. பக்கவாட்டிலுள்ள தகட்டு மூடிகள் அரித்து ஒழுகின.

இங்கேதான் எங்கள் மெக்கானிக்குகளின் அறிவு வெளிப்பட்டது. படிவை அமிலம் கொண்டு முழுவதும் கரைத்தால், அதுவரை படிவே அடைத்து வைத்திருந்த துவாரங்கள் திறந்துகொள்ளும் என்பதை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். ஆகவே அளவோடு கழுவினார்கள். மழைநீரைச் சேமித்து ஊற்றச் சொன்னார்கள். வெடித்த இறப்பர்க் குழாயைச் சைக்கிள் ரியூப் கொண்டு இறுகச் சுற்றினார்கள். சிறு ஒழுக்குக்கு முட்டை வெள்ளைக்கருவை ஊற்றும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அது சூட்டில் உறைந்து துவாரத்தை அடைக்கும். ஆனால் நல்ல குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும். வைத்தியசாலை வரை போய்ச் சேருவதற்கான வைத்தியமே அது. இயந்திரத்துக்கான வைத்தியம் அன்று.

1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். ஊர்ந்து செல்லும் வாகனத்துக்கு எதிர்க்காற்று இல்லை. எனவே ஒழுகும் ரேடியேற்றர் விரைவில் கொதித்துவிடும். அந்நெரிசலில் ஒரு போத்தல் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுப்பதா, முதியவரைச் சுமந்துவந்த காருக்கு ஊற்றுவதா என்ற கேள்வி வெறும் கற்பனை அன்று.

2020 மார்ச்சில் இலங்கை மீண்டும் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில், 2022 இன் எரிபொருள் வரிசைகளுக்கிடையே, நாடு முழுவதும் பழைய வாகனங்களைத் திருத்தியே ஓட்டியது. குடாநாடு முன்னரே கற்றிருந்த பாடம் அது. ஆனால் அதை யாரும் எழுதி வைக்கவில்லை. அரசர்களின் பட்டியலும் போர்களின் பட்டியலும் எங்களிடம் உண்டு. கையில் கிறீஸ் படிந்த அந்த மனிதர்களின் நுட்பம் அவர்களோடேயே மறைந்துகொண்டிருக்கிறது. புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களிடையே அந்தக் கராஜ்களில் வேலை பழகியோர் இருப்பார்கள். அவர்கள் அறிந்ததை, நினைவு மங்கும் முன் எழுதி வைப்பார்களாக.