சிறைக்குள்ளும் ஊர், சேரி

எங்க கரிசக்காட்டுப் பக்கம் ஒருத்தனோட சாதியை நேராகக் கேட்கமாட்டார்கள். ‘எந்தூருப்பா?’ என்பார்கள். ஊரைச் சொன்னால், ‘ஊருக்குள்ள எந்தப் பக்கம்?’ என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பதில் சொன்னதும் நம்ம இடம் எதுவென்று முடிவாகிவிடும். இதே கேள்வியைச் சிறைச்சாலையும் கேட்டது.

பாஞ்சாலங்குறிச்சியில் சிறை என்றால் ஊமைத்துரை ஞாபகம்தான் வரும். 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டபின், பாளையங்கோட்டையில் அடைபட்டிருந்தவர் 1801 பிப்ரவரியில் தப்பிவந்து, இடித்த கோட்டையைத் திரும்பக் கட்டினார். அது வீரக்கதை. அதே பாளையங்கோட்டையில் பின்னாளில் வந்த மத்தியச் சிறையில் தேவர், நாடார், பள்ளர் என்று கைதிகளைத் தனித்தனிப் பிளாக்குகளில் பிரித்துவைத்த கதையைப் பாட ஆளில்லை.

இந்தப் பிரிவினையை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. ‘திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் சாதி மோதல் சகஜம், அதைத் தவிர்க்கவே பிரித்துவைக்கிறோம்’ என்றது அரசு. நீதிமன்றமும் அதை ஏற்று மனுவைத் தள்ளியது. அதாவது ஊரில் இருக்கிற கோட்டையே சிறைக்குள்ளும் போட்டுக்கொள்ளச் சம்மதித்தது.

மோதலுக்கு அரசு தரும் வைத்தியம் நமக்குப் புதிதல்ல. 1995 ஆகஸ்ட் 31இல் கொடியங்குளத்துக்குள் புகுந்து தலித் வீடுகளை நொறுக்கியது போலீஸ். 1997இல் கவர்னகிரி சுந்தரலிங்கம் பெயரைப் போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்ததற்குக் கலவரம் செய்தார்கள். அரசோ எல்லாக் கழகங்களின் பெயர்களையும் எடுத்துவிட்டது. சாதித் திமிரைக் கண்டிக்கத் துணியாத அரசு, அதற்கு வளைந்துகொடுத்துவிட்டு அதற்கு ‘அமைதி’ என்று பேர் வைக்கிறது.

இதே சாக்கை அமெரிக்காவிலும் சொன்னார்கள். கலிபோர்னியாச் சிறைகளில் புதிதாக வரும் கைதியையும், வேறு சிறையிலிருந்து மாற்றி வருபவரையும் 60 நாள் வரை இனம் பார்த்தே அறையில் போட்டார்கள். கும்பல் சண்டையைத் தடுக்கத்தான் என்றார்கள். காரிசன் ஜான்சன் என்ற கறுப்பினக் கைதி 1995இல் வக்கீல் இல்லாமல் தானே வழக்குப் போட்டார். கீழே தோற்றார், மேல்முறையீட்டிலும் தோற்றார். 2005இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, இனப் பிரிவினைக்கு மிகக் கடுமையான சோதனை வைக்க வேண்டும் என்றது. மற்ற மாநிலச் சிறைகள் ஏறக்குறைய எல்லாமே இனம் பிரிக்காமல் நடக்கின்றனவே என்றும் சுட்டிக்காட்டியது.

நமக்கு அந்த நாள் 2024 அக்டோபர் 3. சிறைச் சாதியம் பற்றிப் பல மாநிலங்களில் விசாரித்து எழுதிய பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா 2023இல் போட்ட மனுவில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சாதி பார்த்துத் துப்புரவு வேலை கொடுக்கும் கையேட்டு விதிகள் செல்லாது; பதிவேட்டில் சாதிக் கட்டத்தை அழிக்க வேண்டும்; மூன்று மாதத்தில் கையேடுகளைத் திருத்த வேண்டும். பாளையங்கோட்டைக்குச் சொன்ன சமாதானத்தையும் அது ஏற்கவில்லை. ஒழுங்கைக் காப்பது நிர்வாகத்தின் வேலை, அதற்குச் சாதியைப் பிரிப்பது வழியல்ல. அமெரிக்காவில் ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்று சொன்ன நியாயம் மாதிரிதான் இதுவும் என்றது.

கைதிக்கு உயிர்ப் பயம் இருப்பது நிஜம். யாரால் யாருக்கு ஆபத்து என்று ஆள் ஆளாகப் பார்த்துப் பாதுகாப்புக் கொடுப்பது வேறு. சாதியையே ஆபத்தென்று எழுதிவைப்பது வேறு.

மனுப் போட்டுக் கைதியைப் பார்க்கப் போகிற தோழர்களும் வக்கீல்களும், ‘எந்த பிளாக்குல வச்சிருக்காக? கூட யார் யாரு? கக்கூஸ் கழுவுறது யாரு?’ என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும். பதிவேட்டில் அழிந்த கட்டம் சிறைக்குள்ளும் அழிந்ததா என்பதற்கு அந்தக் குறிப்புகள்தான் சாட்சி.