தூய காற்றுக்குச் சட்டம் இருக்கிறது, அரசியல் ஆதரவு எங்கே? வடமாலபேட்டையிலிருந்து ஒரு விளக்கம்

திருப்பதியிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் வந்தவர் என்றால், வடமாலபேட்டையைக் கட்டாயம் கடந்திருப்பீர்கள். ரேணிகுண்டாவுக்கும் புத்தூருக்கும் நடுவே, தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. லாரியும் பஸ்ஸும் இரவு பகலாக ஓடும் சாலை. 'இங்கே காற்று எப்படி இருக்கு?' என்று கேட்டால், அருகில் கிடைக்கும் பதில் திருப்பதி நகரத்தில் இருக்கும் கருவியின் பதில்தான்.

அளவீடு இல்லாத ஊரில் காற்றைச் சொல்லி யாரும் ஓட்டுக் கேட்பதில்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சட்டம்தான் ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது. காற்று மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 1981-ல் வந்தது, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-ல் வந்தது. இந்தியாவின் தர அளவுப்படி, பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள் ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு வெறும் 5. அதாவது நம் வரம்பே எட்டு மடங்கு தளர்வானது.

தேசிய தூய காற்றுத் திட்டம் என்ன ஆனது?

2019 ஜனவரியில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் 130 நகரங்கள் உள்ளன. சித்தூர் உண்டு, திருப்பதி இல்லை. பட்டியலில் பெரும்பாலானவை, தொடர்ந்து பல ஆண்டுகள் அளந்தும் தர அளவை எட்டாத நகரங்கள். அப்படியென்றால் அளக்காத ஊருக்குப் பட்டியலில் இடம் கிடைக்க வழியே இல்லை.

இன்னொரு விஷயம், இது திட்டம்தான், சட்டம் அல்ல. இலக்கை எட்டாவிட்டால் யாருக்கும் தண்டனை கிடையாது. பணம் எங்கே போனது என்று பார்த்தால் அரசியல் புரியும். டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, செலவான நிதியில் 64% சாலைத் தூசியைக் கட்டுப்படுத்தப் போனது. தொழிற்சாலை மாசுக்குப் போனது 0.61% மட்டுமே. ரோடு போட்டால் மக்கள் கண்ணுக்குத் தெரியும். புகைபோக்கியைக் கேள்வி கேட்டால் பகைதான் வரும்.

டெல்லிக்கு மட்டும் தனிச் சட்டம் எப்படி?

டெல்லியிலும் சுற்றுப்பகுதிகளிலும் காற்றின் தரத்தைக் கவனிக்க, உத்தரவு போடும் அதிகாரத்தோடு ஓர் ஆணையம் இருக்கிறது. 2020-ல் அவசரச் சட்டமாக வந்து, 2021 ஆகஸ்டில் முழுச் சட்டமானது. அங்கே ஒவ்வொரு குளிர்காலத்திலும் எண்கள் தலைப்புச் செய்தியாகின்றன, உச்ச நீதிமன்றம் கேள்வி கேட்கிறது, பள்ளிகள் மூடப்படுகின்றன. நெருக்கடி கண்ணுக்குத் தெரிந்தது, அரசு அசைந்தது. ஆந்திரத்துக்கோ தமிழ்நாட்டுக்கோ அப்படியொரு ஆணையம் இல்லை.

ஆதரவு இல்லாவிட்டால் என்ன ஆகும்?

இருக்கும் சட்டமும் சத்தமில்லாமல் தளரும். 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஜன் விஸ்வாஸ் சட்டம், 1981-ம் ஆண்டுக் காற்றுச் சட்டத்தில் பல மீறல்களுக்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றியது. தொழில் நடத்துவது எளிதாக வேண்டும் என்பது அரசின் வாதம். அது சரியா தவறா என்பது தனி விவாதம். உங்கள் ஊர் டீக்கடையில் அந்த விவாதம் நடந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆதரவு திரண்டால் என்ன நடக்கும்?

மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானது.

அதன்பின் நடந்த வரிசை முக்கியம். முதலில் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ல் சட்டப்பேரவை, கட்சி பேதமில்லாமல், ஒருமனதாக எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-ல் மேலூர் பகுதி மக்கள் மதுரை நோக்கிப் பேரணி போனார்கள். ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தையே ரத்து செய்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அங்கே மக்கள் கையில் ஓர் இடத்தின் பெயர் இருந்தது, அரசு கொடுத்த அறிவிக்கை இருந்தது, எதிர்க்க ஒரு குறிப்பிட்ட முடிவு இருந்தது. காற்று விஷயத்தில் இந்த மூன்றையும் நாமேதான் உருவாக்க வேண்டியிருக்கிறது.

சரி, வடமாலபேட்டைக்காரர் யாரிடம் போவது?

இங்கே ஒரு குழப்பம் உண்டு. 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிந்தபோது வடமாலபேட்டை திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. சட்டமன்றத் தொகுதி நகரி, மக்களவைத் தொகுதி சித்தூர். அதனால் ஆளுக்கொரு கோரிக்கையைப் பிரித்துக் கொடுப்பது நல்லது.

• கிராம சபை: காற்றை அளக்கக் கருவி கேட்டுத் தீர்மானம். 2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு வைத்திருக்க வேண்டும். உங்கள் பஞ்சாயத்தில் அது இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று கேளுங்கள். சேஷாசலம் மலைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊருக்கு அது வெறும் காகிதம் அல்ல.

• மாவட்ட ஆட்சியர், ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்: அளவீட்டைத் தொடங்குவது, அந்த எண்களைத் தெலுங்கிலும் தமிழிலும் மக்கள் பார்க்கும் இடத்தில் வைப்பது.

• எம்.எல்.ஏ.: பேரவையில் கேள்வி. எம்.பி.: தூய காற்றுத் திட்டத்துக்குச் சட்ட அந்தஸ்து வேண்டும் என்று மக்களவையில் பேசுவது.

ஒரே ஒரு எச்சரிக்கை. 'சுற்றுச்சூழல்' என்று பொதுவாகக் கேட்டால் எல்லாக் கட்சியும் தலையாட்டும், யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். 'எங்கள் ஊரில் ஒரு கருவி, இந்தத் தேதிக்குள்' என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு ஆமாம் அல்லது இல்லை என்றுதான் பதில் சொல்ல முடியும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும்போது, அந்தப் பதிலை நீங்கள் ஞாபகப்படுத்தலாம்.