பிரெஞ்சு நறுமணக் குப்பிகள்: வரலாறும் சேகரிப்பும்

பிரெஞ்சு நறுமணக் குப்பிகள் என்பவை, பேச்சு வழக்கில் சென்ட் எனப்படும் நறுமணத் தைலங்களை அடைத்து விற்பதற்கும் ஒப்பனை மேசையில் வைத்துப் பயன்படுத்துவதற்கும் பிரான்சு நாட்டில் கலை வேலைப்பாட்டுடன் செய்யப்பட்ட கண்ணாடிக் கலன்கள் ஆகும். இவற்றுள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை செய்யப்பட்டவையே சேகரிப்போரால் பெரிதும் நாடப்படுகின்றன. தைலம் கூட்டுபவர், வடிவம் வரையும் கலைஞர், உலையில் நிற்கும் கண்ணாடித் தொழிலாளி, மூடியைக் கட்டி முத்திரையிடும் கைவினைஞர் ஆகியோரின் உழைப்பு ஒரே பொருளில் ஒன்றுகூடுவதால், இக்குப்பிகள் அழகுப் பொருள்களாக மட்டுமன்றி, ஒரு காலத்தின் கலைக்கும் தொழிலுக்கும் வணிகத்துக்கும் சான்றுகளாகவும் விளங்குகின்றன. உலக நறுமணத் தொழிலுக்குச் சந்தனம், மல்லிகை, வெட்டிவேர், ஏலம் முதலிய மூலப்பொருள்களை அளித்துவந்த தென்னிந்தியாவுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு.

தொடக்கக் காலம்

கி.மு. முதல் நூற்றாண்டில் சிரியா, பாலஸ்தீனக் கடற்கரைப் பகுதிகளில் குழலால் கண்ணாடியை ஊதி உருவாக்கும் முறை தோன்றியபின், தைலம் வைக்கும் சிறு குப்பிகள் உரோமப் பேரரசெங்கும் எளிய மக்களின் கைக்கும் எட்டின. அப்பேரரசுடன் வணிகம் புரிந்த துறைமுகமாகிய புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில், 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு உள்ளிட்ட ஆய்வுகளில் மதுச்சாடிகளின் உடைந்த பகுதிகளும் கண்ணாடி மணிகளும் கிடைத்துள்ளன. எனினும், தமிழகத்தில் நறுமணப் பொருள்களை வைக்கும் கலன்கள் பெரும்பாலும் உலோகத்தாலேயே அமைந்தன. திருமண வீட்டு வாசலில் இன்றும் வைக்கப்படும் பன்னீர்ச் செம்பும் சந்தனப் பேலாவும் அம்மரபின் தொடர்ச்சியாகும்.

பிரான்சில் நறுமணத் தொழிலின் தாயகம் தென்பகுதியிலுள்ள கிராஸ் நகரமாகும். தோல் பதனிடும் ஊராக இருந்த அந்நகரில், தோலின் வாடையைப் போக்குவதற்காகக் கையுறைகளுக்கு மணமூட்டும் வழக்கம் தோன்றி, அதிலிருந்து மலர்ச் சாகுபடியும் தைலம் வடித்தலும் தனித் தொழில்களாக வளர்ந்தன. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை தைலம் மருந்துக் கடைப் புட்டியைப் போன்ற எளிய கலத்தில், தாள் ஒட்டப்பட்டு விற்கப்பட்டது. வாங்கியவர்கள் அதை வீட்டிலிருந்த வேலைப்பாடு மிக்க குப்பிக்கு மாற்றிக்கொண்டனர். எனவே இக்காலத்து அழகுக் குப்பிகளில் தைல நிறுவனத்தின் பெயர் பெரும்பாலும் காணப்படுவதில்லை.

படிகக் கண்ணாடி ஆலைகள்

மணலுடனும் பொட்டாஷ் உப்புடனும் ஈய ஆக்சைடைச் சேர்த்து உருக்கினால் கிடைக்கும் கண்ணாடி படிகக் கண்ணாடி எனப்படும். ஈயம் ஒளியை மிகுதியாக வளைப்பதால் இக்கண்ணாடி மின்னுகிறது. சற்று மென்மையாகவும் இருப்பதால், சுழலும் சக்கரத்தில் பட்டை தீட்டுவதற்கு இசைகிறது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராப்ட் உருவாக்கிய இம்முறையைப் பிரான்சில் சேன்-லூயி ஆலை 1781இல் கைவரப்பெற்றது. பதினைந்தாம் லூயி மன்னரின் இசைவுடன் 1764இல் லொரேன் பகுதியில் நிறுவப்பட்ட பக்காரா ஆலை, 1816இல் உரிமையாளர் மாறியபின் படிகக் கண்ணாடி உற்பத்தியில் இறங்கியது. இவ்விரு ஆலைகளும் பால் போன்ற மங்கல் ஒளி கொண்ட ஓப்பலீன் என்னும் கண்ணாடியிலும் குப்பிகள் செய்தன. இளஞ்சிவப்பு, நீலம், பச்சை நிறங்களில் பொன்முலாம் பூசிய பித்தளை விளிம்புடன் அமைந்த ஓப்பலீன் குப்பிகள், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குரிய சேகரிப்புகளில் முதன்மையான இடம் பெறுகின்றன.

வட பிரான்சில் நார்மண்டியின் எல்லையை ஒட்டிய பிரெல் ஆற்றுப் பள்ளத்தாக்கு இத்தொழிலின் மற்றொரு மையமாகும். உலைக்கு வேண்டிய விறகும் மணலும் அருகிலேயே கிடைத்ததால் கண்ணாடித் தொழில் அங்கு வேரூன்றியது. 1623இல் தொடங்கும் வரலாற்றை உடைய போஷே நிறுவனம் இப்பகுதியைச் சேர்ந்தது. 1828இல் பாரிசில் நிறுவப்பட்ட கெர்லேன் நிறுவனம், மூன்றாம் நெப்போலியனின் அரசி யூஜெனிக்காக 1853இல் உருவாக்கிய கொலோன் நீருக்குப் போஷே நிறுவனமே குப்பி செய்து கொடுத்தது. நெப்போலியன் மரபின் சின்னமாகிய தேனீ உருவங்கள் 69 புடைப்பாக அமைந்துள்ளமையால் தேனீக் குப்பி என்று பெயர்பெற்ற இவ்வடிவம் இன்றும் உற்பத்தியில் உள்ளது. ஆகவே, பழைய படிக்கும் புதிய படிக்கும் உள்ள வேறுபாட்டை அச்சுத் தழும்பு, பொன்பூச்சின் தேய்மானம், ஒட்டுத்தாளின் எழுத்தமைதி ஆகியவற்றைக் கொண்டே அறிய வேண்டியுள்ளது.

கோத்தியும் லாலிக்கும்

தைலத்தையும் குப்பியையும் பிரிக்க இயலாத ஒரே பொருளாக மாற்றியவர்கள் கோர்சிகாத் தீவில் பிறந்த பிரான்சுவா கோத்தியும், நகைக் கலைஞராகப் புகழ்பெற்றிருந்த ரெனே லாலிக்கும் ஆவர். நறுமணம் மூக்கைக் கவர்வதற்கு முன் கண்ணைக் கவர வேண்டும் என்பது கோத்தியின் கொள்கை. பாரிசின் வாந்தோம் சதுக்கத்தில் அண்டை அண்டையாகக் கடை வைத்திருந்த இவ்விருவரும் 1908ஐ ஒட்டிக் கூட்டுச் சேர்ந்தனர். அடுத்த ஆண்டே கோம்ப்-லா-வீல் என்னும் ஊரிலிருந்த கண்ணாடி ஆலையை வாடகைக்கு எடுத்த லாலிக், 1913இல் அதை விலைக்கு வாங்கினார். முதல் உலகப் போருக்குப்பின் அல்சாஸ் பகுதியின் வின்ஜென்-சுர்-மொதர் என்னும் ஊரில் பெரிய ஆலையொன்றை அமைத்தார்.

லாலிக்கின் சிறப்பு, கைவினையின் நயத்தை இழக்காமல் எந்திர உற்பத்திக்கு வழிவகுத்ததில் உள்ளது. விலைமிக்க முழுப் படிகத்தை விட்டு, ஈயம் குறைந்த அரைப் படிகக் கண்ணாடியைத் தேர்ந்த அவர், அதை உலோக அச்சில் அழுத்தியும் ஊதியும் உருவாக்கச் செய்தார். அச்சிலிருந்து வந்த குப்பியின் சில பகுதிகளை அமிலத்தில் தோய்த்து மங்கலாக்கி, வேறு பகுதிகளைத் தெளிவாக விட்டுவிடுவதால் உருவங்கள் எழுந்து நின்றன. பின்னர் பள்ளங்களில் மட்டும் பழுப்பு, நீலம், பச்சை வண்ணச் சாயத்தைத் தேய்த்துப் பதித்ததால் பழமையின் சாயலும் கூடியது. தொங்கும் ஆடையணிந்த மகளிர் உருவங்கள் சுற்றிலும் நிற்கும் 'அம்பர் ஆந்திக்' குப்பி (1910) இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். குப்பியின் உடலைவிட மூடியே அகன்று, மலர்க்கிளைகளாகவோ பெண் உருவங்களாகவோ இருபுறமும் வளைந்திறங்கும் மகுட மூடி வகை, உடையும் இயல்பினால் மிக அரிதாகியுள்ளது.

இரு போர்களுக்கு இடைப்பட்ட காலம்

ஆடை வடிவமைப்பாளர் பால் புவாரே 1911இல் 'ரோசின்' என்னும் பெயரில் தைல விற்பனையைத் தொடங்கியபின், ஆடை நிறுவனங்களும் இத்துறைக்குள் நுழைந்தன. வோர்த் நிறுவனத்திற்காக லாலிக் செய்த, விண்மீன்கள் பதித்த நீல உருண்டையாகிய 'தான் லா நுயி' (1924) இக்காலத்தின் கற்பனை வளத்தைக் காட்டுகிறது. 1921இல் வெளிவந்த ஷனேல் 5ஆம் எண் தைலமோ அணி எதுவுமற்ற நேர்கோட்டுக் குப்பியால் எதிர்த்திசையில் புதுமை செய்தது. ஓவியர் லியோனோர் பினி பெண்ணுடல் வடிவில் அமைத்த ஸ்கியாபரெல்லியின் 'ஷாக்கிங்' (1937), சால்வடார் தாலி வரைந்து பக்காரா செய்த 'ல ருவா சொலேய்' (1945) ஆகியவை நவீன ஓவியம் கண்ணாடிக்குள் புகுந்ததைக் குறிக்கின்றன.

இந்தியப் பெயர் தாங்கிய குப்பிகளுள் தலையாயது கெர்லேனின் 'ஷாலிமார்' ஆகும். முகலாயர் அமைத்த ஷாலிமார் தோட்டத்தின் பெயரைக் கொண்ட இதன் குப்பியை ரெய்மோன் கெர்லேன் வடிவமைக்க, பக்காரா ஆலை செய்து கொடுத்தது. நீரூற்றுத் தொட்டியை நினைவூட்டும் அகன்ற உடல் குறுகிய அடிப்பீடத்தின் மேல் நிற்க, விசிறி போல் விரிந்த நீலக் கண்ணாடி மூடி அதன் மேல் அமைகிறது. 1925இல் பாரிசில் நடந்த அலங்காரக் கலைகளின் உலகக் கண்காட்சியில் இக்குப்பி பரிசு பெற்றது.

இத்தகைய குப்பிகளில் மூடி பொருத்தும் முறை தனித்த கவனத்திற்குரியது. குப்பியின் கழுத்துக்கும் மூடியின் தண்டுக்கும் இடையே சாணைத்தூளை இட்டுச் சுழற்றித் தேய்ப்பதால், ஒரு மூடி அதற்குரிய குப்பிக்கு மட்டுமே காற்றுப் புகாமல் பொருந்தும். இணை மாறாதிருக்க இரண்டிலும் ஒரே எண் பொறிக்கப்பட்டது. தைலம் நிரப்பியபின், மாட்டின் குடலிலிருந்து எடுக்கப்பட்ட மெல்லிய சவ்வை நனைத்துக் கழுத்தின்மேல் இழுத்துப் போர்த்தி, நூலால் சுற்றிக் கட்டி, முடிச்சின்மேல் முத்திரையிடுவர். உலர்ந்ததும் சவ்வு இறுகி, தைலம் ஆவியாவதைத் தடுக்கும். கெர்லேன் நிறுவனத்தில் 'மேசை மகளிர்' எனப்படும் பெண் கைவினைஞர்கள் இப்பணியை இன்றும் செய்கின்றனர்.

நினா ரிச்சியின் 'லேர் து தான்' தைலத்திற்கு ரெனே லாலிக்கின் மகன் மார்க் லாலிக் 1951இல் அமைத்த இரட்டைப் புறா மூடி இம்மரபின் கடைசிச் சிகரங்களுள் ஒன்று. அதன்பின் தெளிப்பான் பம்பும் திருகு மூடியும் நெகிழியும் பரவ, தேய்த்துப் பொருத்தும் கண்ணாடி மூடி பெரும்பாலும் வழக்கொழிந்தது.

தென்னிந்தியத் தொடர்பு

குப்பியின் உள்ளிருந்த மணத்தின் ஒரு பகுதி தென்னிந்திய மண்ணில் விளைந்தது. மைசூர் அரசு 1916இல் நிறுவிய சந்தன எண்ணெய் ஆலையின் தைலம் ஐரோப்பியச் சந்தையில் உயர்தரத்தின் அளவுகோலாக மதிக்கப்பட்டது. நிலக்கோட்டை, கோயம்புத்தூர் வட்டாரங்களில் மல்லிகையைக் கரைப்பானில் ஊறவைத்துப் பெறப்படும் மெழுகு போன்ற சாறு, பிரெஞ்சு நறுமணத் தொழிலுக்கு இன்றும் ஏற்றுமதியாகிறது. ஏலமலைச் சரிவில், போடிநாயக்கனூர், தேவாரம், கம்பம் முதலிய ஊர்களைச் சேர்ந்த விவசாயிகளும் தொழிலாளர்களும் கேரள எல்லைக்கு அப்பாலுள்ள தோட்டங்களில் விளைவிக்கும் ஏலக்காய், போடிநாயக்கனூர் ஏல மையத்தில் விலைபோகிறது. அதன் விதையை நீராவியில் வடித்தெடுக்கும் எண்ணெய், பூசிய உடனே எழுந்து விரைவில் மறையும் முதல் மணமாகத் தைலங்களில் பயன்படுகிறது; கார்த்தியே நிறுவனம் 1998இல் வெளியிட்ட 'தெக்லராசியோன்' என்னும் தைலத்தில் ஏலத்தின் மணம் முதன்மையான இடம் வகிக்கிறது.

குப்பிகள் தமிழகத்தை அடைந்ததற்கும் வரலாற்றுச் சூழல் உண்டு. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி நேரடி வாயிலாகும். பிரெஞ்சு இந்தோ-சீனாவின் சைகோன் நகரில் புதுச்சேரித் தமிழர்கள் அரசுப் பணியிலும், நகரத்தார் வட்டித் தொழிலிலும் இருந்தமையால், கடல்வழிப் பயணங்களும் ஐரோப்பியப் பொருள்களைத் தமிழர் வீடுகளுக்குள் கொண்டுவந்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் எனாமல் பாத்திரங்களுக்கும் பீங்கானுக்கும் நடுவே ஐரோப்பியக் கண்ணாடிப் பொருள்களும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றுள் பொகீமியா, இங்கிலாந்து ஆகிய நாடுகளில் செய்யப்பட்டவையும் கலந்திருப்பதால், கண்ணாடிக் குப்பி ஒவ்வொன்றையும் பிரெஞ்சுக் குப்பி எனக் கொள்வதற்கில்லை. ஐதராபாத்தின் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் பல நாட்டுக் கண்ணாடிப் பொருள்களை ஒருசேரக் கண்டு ஒப்பிட இயலும்.

சேகரித்தலும் காத்தலும்

உலையில் பிறந்த ஆண்டை அறிய முதற்சான்று முத்திரையாகும். ரெனே லாலிக் 1945இல் மறைந்தபின் ஆலையின் பெயர்ப்பொறிப்பில் 'ஆர்' என்னும் முதலெழுத்து நீக்கப்பட்டதால், அவ்வெழுத்துடன் உள்ள பொறிப்பு பொதுவாக அதற்கு முந்திய காலத்தைக் காட்டும். எனினும் பிற்காலத்தில் போலியாகப் பொறிப்பதும் உண்டு. பக்காரா ஆலையின் வட்ட வடிவ அமில முத்திரை 1936 முதலே பொது வழக்கானது. ஆகவே முத்திரை இல்லாத பழைய பக்காரா குப்பியை, அடியில் பொறித்த எண்ணாலும் வேலைத் திறத்தாலும் இனங்காண வேண்டும். மூடி மாறியவை, விளிம்பின் உடைவைத் தேய்த்து மறைத்தவை, சாயம் புதிதாகப் பூசியவை ஆகியன மதிப்பில் தாழ்ந்தவை. ஒட்டுத்தாள், பெட்டி, கட்டவிழாத சவ்வு ஆகியவற்றுடன் கூடிய குப்பியே முழுமையானது. கடைக் காட்சிக்காக வண்ண நீர் நிரப்பிச் செய்யப்பட்ட பெரிய காட்சிக் குப்பிகளைச் சேகரிப்போரும் உளர்.

இறுகிய மூடியை வலிந்து திருகுதல் கூடாது. கழுத்தைச் சுற்றி ஓரிரு துளி எண்ணெய் விட்டுக் காத்திருப்பதே முறை. வெந்நீர் கண்ணாடியை விரிசலிடச் செய்யும். நீர் நெடுநாள் தேங்கினால் உட்புறம் வெண்மை படிந்து நிலையாக மங்கும். வெயில் தைலத்தையும் தாளையும் கெடுக்கும். மேலும், இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 100 ஆண்டு கடந்த வரலாற்று மதிப்புடைய கலைப்பொருள்களை உரிமம் இன்றி நாட்டுக்கு வெளியே அனுப்புவதைத் தடை செய்கிறது. 1920களின் குப்பிகள் இப்போது அவ்வயதை எட்டிவருவதால் சேகரிப்போர் இதை அறிந்திருத்தல் வேண்டும்.

வின்ஜென்-சுர்-மொதர் ஊரில் 2011இல் திறக்கப்பட்ட லாலிக் அருங்காட்சியகமும், கிராஸ் நகரில் 1989இல் திறக்கப்பட்ட பன்னாட்டு நறுமண அருங்காட்சியகமும் குப்பியை ஒட்டுத்தாள், அச்சு, விளம்பரம் ஆகியவற்றோடு சேர்த்தே காத்துவருகின்றன. இம்முறையே சேகரிப்பின் உயர்ந்த நெறியாகும். தமிழகத்தில் கிடைக்கும் குப்பியைப் பொறுத்தவரை, அது எந்த வீட்டில் இருந்தது, எந்தத் துறைமுகத்தின் வழியாக வந்தது, யார் கொண்டுவந்தார் என்பவற்றையும் உடனுக்குடன் எழுதிவைத்தல் வேண்டும். ஆலையின் முத்திரை குப்பி பிறந்த இடத்தை மட்டுமே கூறும். அது தமிழர் வாழ்வில் புழங்கிய வரலாறு குடும்பத்தாரின் நினைவில் மட்டுமே இருப்பதால், பதிவு செய்யாவிடில் அதை மீட்க வேறு வழியில்லை.