ஆங்கிலத்தில் எழுவாய்–பயனிலை இயைபு: காரைக்கால் பகுதியில் அதன் வரலாறு

எழுவாய்–பயனிலை இயைபு என்பது, ஒரு தொடரில் எழுவாய்க்கு ஏற்ப வினைச்சொல் தன் வடிவத்தை அமைத்துக்கொள்வதாகும். தமிழில் 'அவன் வந்தான்', 'அவள் வந்தாள்', 'அவை வந்தன' என்னும் தொடர்களில் வினைமுற்றின் ஈறு எழுவாயைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'தே கோ' என்பதும் 'ஷி கோஸ்' என்பதும் இவ்வாறே எழுவாயை ஒட்டி வேறுபடுகின்றன. புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டத்தில் நெடுங்காடு முதலிய ஊர்களின் பிள்ளைகள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அவர்களுக்கு முதலில் பிரெஞ்சும் பின்னர் ஆங்கிலமும் பள்ளிமொழிகளாக வந்தன. மூன்று மொழிகளும் இயைபை மூன்று விதமாகக் காட்டுகின்றன. தமிழ் மாணவர் ஆங்கிலத்தில் செய்யும் இயைபுப் பிழைகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

தமிழ் இலக்கண மரபில் இயைபு

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயல் கிளவியாக்கம். பெயரும் வினையும் திணையிலும் பாலிலும் ஒத்து நிற்க வேண்டும் என்பதே இவ்வியலின் அடிப்படைச் செய்தி. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு ஆகிய ஏழும் மயங்கி வருவதை வழு என்கிறது. இயைபு பிறழாமல் நிற்பது வழாநிலை. பிறழ்ந்தாலும் தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி.

இன்றைய எழுத்துத் தமிழில் 'வந்தேன், வந்தோம், வந்தாய், வந்தீர்கள், வந்தான், வந்தாள், வந்தார், வந்தார்கள், வந்தது, வந்தன' என ஒரே வினை பத்து வடிவம் கொள்கிறது. எழுவாயைச் சொல்லாமல் விட்டாலும் பொருள் கெடுவதில்லை. 'வந்தேன்' என்ற ஒரு சொல்லே முழுத் தொடராகும். இதனைத் தோன்றா எழுவாய் என்பர்.

ஆணா பெண்ணா என்று தெரியாதபோது எந்த ஈற்றைப் பயன்படுத்துவது என்ற கேள்வியையும் தொல்காப்பியம் எடுத்துக்கொள்கிறது. பால் ஐயம் உள்ள இடத்தில் பன்மையால் கூற வேண்டும் என்பது அதன் விடை. ஆங்கிலத்திலும் ஆணோ பெண்ணோ என்று தெரியாத ஒருவரைத் 'தே' என்று சுட்டிப் பன்மை வினை தரும் வழக்கு நெடுங்காலமாக உள்ளது. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரே சிக்கலுக்கு ஒரே தீர்வைக் கண்டிருக்கின்றன.

ஆங்கிலத்தில் இயைபு தேய்ந்த வரலாறு

ஆங்கிலம் தொடக்கத்தில் இயைபு குறைந்த மொழியாக இருக்கவில்லை. சுமார் 5 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில், நிகழ்கால வினை தன்மை ஒருமை, முன்னிலை ஒருமை, படர்க்கை ஒருமை ஆகிய மூன்றுக்கும் தனித்தனி ஈறுகளையும் பன்மைக்கு ஒரு பொது ஈற்றையும் கொண்டிருந்தது. இறந்தகால வினையும் எழுவாய்க்கு ஏற்ப மாறியது. பின்வந்த நூற்றாண்டுகளில் சொல்லிறுதி ஒலிகள் தேய்ந்தன. அவற்றோடு ஈறுகளும் மறைந்தன.

படர்க்கை ஒருமைக்குத் தென் இங்கிலாந்தில் 'எத்' என்னும் ஈறும் வட இங்கிலாந்தில் 'எஸ்' என்னும் ஈறும் வழங்கின. வடக்கின் ஈறு மெல்லத் தெற்கே பரவியது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியம் பழைய 'எத்' ஈற்றையே கையாண்டது. ஆனால் அக்கால இலண்டன் பேச்சில் 'எஸ்' ஏற்கெனவே நன்கு புழங்கத் தொடங்கியிருந்தது. முன்னிலை ஒருமைச் சொல்லான 'தௌ' பொதுவழக்கிலிருந்து நீங்கியபோது அதற்குரிய ஈறும் உடன் நீங்கியது. இவ்வாறு எல்லாம் உதிர்ந்தபின் நிகழ்காலப் படர்க்கை ஒருமையின் 'எஸ்' மட்டும் மிஞ்சியது. 'பி' என்னும் வினை மட்டும் 'ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்' என்று பழைய செல்வத்தில் ஒரு பங்கைக் காத்து வைத்திருக்கிறது.

'கேன், மஸ்ட், மே' போன்ற துணைவினைகள் 'எஸ்' ஏற்பதில்லை. இவற்றின் பழைய வடிவங்கள் இறந்தகால அமைப்பில் இருந்துகொண்டு நிகழ்காலப் பொருள் தந்தவை. இறந்தகாலத்தில் அந்த ஈறு இல்லாததால் இவற்றிலும் அது ஏறவில்லை. 'ஹி கேன்ஸ்' என்று ஏன் சொல்லக்கூடாது என மாணவர் கேட்டால், விதிவிலக்கு என்று முடித்துவிடாமல் இந்தக் காரணத்தைக் கூறலாம்.

விதி நூலேறிய விதம்

18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குத் திட்டமான இலக்கணம் வகுக்கும் முயற்சிகள் பெருகின. 1762இல் ராபர்ட் லௌத் வெளியிட்ட இலக்கணம், ஒருவரை நோக்கி 'யூ வாஸ்' என்று சொல்லும் அக்கால வழக்கைப் பிழையென்று கண்டித்தது. 1795இல் லிண்ட்லி மரே எழுதிய இலக்கணம் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பள்ளிகளில் பெருமளவில் பரவியது.

இந்தியாவில் 1835ஆம் ஆண்டு மெக்காலே குறிப்பும் 1854ஆம் ஆண்டு வுட் அறிக்கையும் ஆங்கிலக் கல்விக்கு அரசின் ஆதரவைத் தந்தன. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. பின்னர் ஜே. சி. நெஸ்ஃபீல்டின் இலக்கண நூல்களும், 1930களில் வெளிவந்த ரென்–மார்ட்டின் நூலும் இந்திய வகுப்பறைகளில் நிலைபெற்றன. இவற்றில் இயைபு என்பது மனப்பாடம் செய்வதற்குரிய விதிகளின் வரிசையாக அமைந்தது. தமிழிலோ தெலுங்கிலோ இயைபு எவ்வாறு இயங்குகிறது என்பதை அந்த வரிசை கருத்தில் கொள்ளவில்லை.

நெடுங்காடும் பிரெஞ்சுக் காலமும்

காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. இடையில் சிலமுறை ஆங்கிலேயர் பிடித்தாலும் 1817இல் மீண்டும் பிரெஞ்சு ஆட்சி நிலைபெற்றது. காரைக்கால் நகருக்கு வடமேற்கே நெல்வயல்களுக்கு நடுவே அமைந்த நெடுங்காடு, அந்நிலப்பகுதியின் கொம்யூன்களில் ஒன்று. காரைக்கால் பகுதிக்குக் கிழக்கே கடல். மற்றத் திசைகளில் பிரித்தானிய ஆட்சியின்கீழ் இருந்த தஞ்சாவூர் மாவட்டம்.

வயலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பேச்சு ஒரே தமிழ்தான். ஆனால் படிப்பும் உத்தியோகமும் வேறு வேறு மொழிகளை நாடின. தஞ்சாவூர்ப் பகுதியில் ஸ்வார்ட்ஸ் பாதிரியார் காலத்திலேயே, 1785 வாக்கில், ஆங்கிலப் பள்ளி தோன்றிவிட்டது. காரைக்கால் பகுதியில் மேற்படிப்புக்கும் அரசுப் பணிக்கும் பிரெஞ்சே வாயிலாக இருந்தது.

பிரெஞ்சு வினை எழுத்தில் வளமான இயைபு உடையது. 'பேசு' எனப் பொருள்படும் 'பார்லே' என்னும் வினை நிகழ்காலத்தில் ஆறு எழுவாய்களுக்கு ஐந்து வகையாக எழுதப்படுகிறது. ஆனால் 'பார்ல்', 'பார்லோன்', 'பார்லே' என மூன்று வடிவங்களே செவிக்குக் கேட்கின்றன. ஆகவே பிரெஞ்சு கற்ற பிள்ளை வினை வாய்பாட்டை அட்டவணையாக எழுதிப் பழக வேண்டியிருந்தது. தமிழில் பத்து ஈறுகளைத் தாயிடமே கற்ற பிள்ளைக்கு, எழுவாய் மாறினால் வினையும் மாறும் என்ற கருத்து புதிதன்று. ஈறு எழுத்தில் இருந்தும் ஒலியில் இல்லாமற் போவதே அங்குப் புதிது.

ஆங்கிலத்தின் வருகை

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில், 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய ஆதரவு தெரிவித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு மாறியது. 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தம், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாகத் தொடரும் என்றது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான மாற்றம் நிறைவேறியது. 1965ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை ஆட்சிமொழியாக்கியது. ஆங்கிலத்தையும் பயன்படுத்த வழிசெய்தது.

ஆட்சி மாற்றத்தோடு படிப்பின் பாதையும் மாறியது. பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றின. மேற்படிப்புக்கும் வெளியூர் வேலைக்கும் ஆங்கிலம் தேவையாயிற்று. தந்தை பிரெஞ்சு வினை வாய்பாடு எழுதிய ஊரில் மகன் ஆங்கில 'எஸ்' ஈற்றோடு போராடும் நிலை ஒரு தலைமுறைக்குள் வந்தது.

பிழைகளின் வேர்

தமிழ் மாணவரின் ஆங்கில இயைபுப் பிழைகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

முதலாவது, 'எஸ்' மயக்கம். ஆங்கிலப் பெயரில் 'எஸ்' பன்மையைக் காட்டுகிறது. வினையில் அதே எழுத்து ஒருமையைக் காட்டுகிறது. இரண்டும் வெவ்வேறு பழைய ஈறுகளிலிருந்து வந்து, ஒலியில் ஒன்றாகிப்போனவை. இதை அறியாத பிள்ளை 'பாய்ஸ் ரன்ஸ்' என்று எழுதுவது தன்னளவில் முறையான சிந்தனையே. பன்மை எழுவாய்க்குப் பன்மை வினை என்ற தமிழ் நெறியைத்தான் அது பின்பற்றுகிறது.

இரண்டாவது, எதிர்மறைத் தொடர். 'அவன் போகவில்லை', 'நான் போகவில்லை', 'அவர்கள் போகவில்லை' என்று தமிழில் இந்த எதிர்மறை வினை மாறுவதே இல்லை. ஆங்கிலத்திலோ 'எஸ்' துணைவினைக்குத் தாவி 'டஸ் நாட் கோ' என்றாகிறது. 'ஹி டோன்ட் கோ' என்ற பிழையில் தமிழ் எதிர்மறையின் நிழல் தெரிகிறது.

மூன்றாவது, அஃறிணைப் பன்மை. எழுத்தில் 'மாடுகள் வருகின்றன' என்றாலும், பேச்சில் ஒரு மாட்டுக்கும் பத்து மாட்டுக்கும் 'வருது' என்பதே வழக்கு. எனவே 'தி கவ்ஸ் இஸ் கமிங்' என்பது பேச்சுத் தமிழின் வழியே வரும் பிழை.

நான்காவது, மரியாதைப் பன்மை. 'அப்பா வந்தார்' என்று ஒருவரையே பலர்பால் ஈற்றால் சொல்வது தமிழ்ப் பண்பு. இது வழக்கில் வரும் உயர்சொல் என்றும், இலக்கண நெறிப்பட்டது அன்று என்றும் தொல்காப்பியமே பிரித்துக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் தந்தைக்கும் தலைமையாசிரியருக்கும் ஒருமை வினைதான். அதில் மரியாதைக் குறைவு இல்லை என்பதை மாணவருக்குச் சொல்லித்தர வேண்டும்.

ஐந்தாவது, சொல்லின் இடம். 'மாணவர்களில் ஒருவன் வந்தான்' என்பதில் முதன்மைச் சொல்லான 'ஒருவன்' வினைக்கு அருகில் நிற்கிறது. ஆங்கிலத்தில் 'ஒன்' முன்னால் நிற்க, 'பாய்ஸ்' என்னும் பன்மைச் சொல் இடையில் புகுந்து வினையை ஒட்டிக்கொள்கிறது. மாணவர் அருகிலுள்ள சொல்லைப் பார்த்து 'ஆர்' என்று எழுதிவிடுகிறார். தொடரைத் தமிழில் சொல்லிப் பார்த்தால், வினைக்கு முன் வந்து நிற்பது 'ஒருவன்' என்பது உடனே புலப்படும்.

ஆறாவது, 'எவ்ரிஒன்' போன்ற சொற்கள். தமிழில் 'எல்லாரும் வந்தார்கள்' என்பது பன்மை, ஆங்கிலத்தில் ஒருமை. 'ஒவ்வொருவரும்' என்று பொருள்கொள்ளச் செய்தால் ஒருமையின் காரணம் விளங்கும்.

ஒரே ஒன்றியப் பகுதி, மூன்று இயைபு நெறிகள்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் அமைப்பே இந்த வேறுபாட்டுக்கு நல்ல சான்று. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழ், மாகியில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. மலையாளத்தில் வினை எழுவாய்க்கு ஏற்ப மாறுவதில்லை. அவன், அவள், அவர் எல்லாருக்கும் 'வன்னு' என்ற ஒரே வடிவம்தான். ஏ. ஆர். ராஜராஜ வர்மா 1896இல் வெளியிட்ட கேரளபாணினீயம், இந்த இயைபு இழப்பை மலையாளம் தமிழிலிருந்து விலகியதன் அடையாளங்களுள் ஒன்றாகக் கொள்கிறது. தெலுங்கில் ஆணுக்கு 'வச்சாடு' என்றும், பெண்ணுக்கும் அஃறிணைக்கும் பொதுவாக 'வச்சிந்தி' என்றும் ஒருமை வினை வரும். ஆகவே மாகி மாணவருக்கும் நெடுங்காட்டு மாணவருக்கும் ஆங்கில 'எஸ்' ஒரே காரணத்தால் கடினமாக இருக்க முடியாது. முன்னவருக்கு வினை மாறுவதே புதிது. பின்னவருக்கு அது ஓரிடத்தில் மட்டும் மாறுவது புதிது.

இன்றைய நிலை

காரைக்கால் அரசுப் பள்ளிகள் 2023–24 கல்வியாண்டு முதல் படிப்படியாக மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறின. அவ்வாரியத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கில இலக்கணப் பகுதியில் எழுவாய்–வினை இயைபு பெயர் குறித்தே இடம்பெறுகிறது. அரசுப் பள்ளியில் படிக்கும் விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைக்கு அதில் கிடைக்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் பெறுமதி உடையது. அதைவிடப் பெரிது, அப்பிள்ளை தன்னைப் பற்றிக் கொள்ளும் எண்ணம். 'எஸ்' விடுபட்டதற்காக 'இங்கிலீஷ் வராது' என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளை, பிறகு அந்தப் பாடத்தின் பக்கமே திரும்பாமல் போவதுண்டு.

தமிழ் வகுப்பில் வழு, வழாநிலை, வழுவமைதி ஆகியவற்றைப் படிக்கும் பிள்ளை ஆங்கில வகுப்பில் அதே செய்தியை வேறு பெயரில் சந்திக்கிறது. இரு ஆசிரியர்களும் இதைச் சேர்த்துச் சொன்னால் நீண்ட விதிப்பட்டியலின் சுமை குறையும். பத்து ஈறுகளைப் பிழையின்றிக் கையாளும் பிள்ளைக்கு மேலும் ஓர் ஈற்றைப் பழகிக்கொள்வது கடினமான வேலையன்று. அந்த ஈறு எங்கு வரும், எங்கு வராது என்பதை அது அறிந்த மொழியின் வழியே காட்டினால் போதுமானது.