கேஸ் வராத ஊரில் கேஸ் லைட்டு

பாளையம்பட்டிப் பக்கம் பெரியவங்க யார்கிட்டயாவது "கேஸ் லைட்டு"ன்னு சொல்லிப் பாருங்க. சமையல் சிலிண்டர் ஞாபகம் வராது. கல்யாண ஊர்வலத்துல தலையில தூக்கிட்டு வருவாங்களே, அந்த பெட்ரோமாக்ஸ்தான் வரும். அதுல எரியறது என்னவோ மண்ணெண்ணெய். பம்ப் அடிச்சா ஆவியாகி மேன்டில்ல எரியும், அதனால பேரு முழுப் பொய்யும் இல்லை :-)

அந்த மேன்டிலுக்குப் பின்னாடி நம்ம ஊர்க்கதை ஒண்ணு இருக்கு. 1885ல ஆஸ்திரியாக்காரர் ஆவர் கண்டுபிடிச்ச வலை அது. பளிச்சுன்னு வெளிச்சம் வரணும்னா தோரியம் வேணும். 1909ல ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூர் கடற்கரை மணலில் அதைக் கண்டார். இன்னிக்கு கன்னியாகுமரி மாவட்டத்துல இருக்கிற மணவாளக்குறிச்சி மணல்தான் அது. தெற்குச் சீமை மண்ணு கப்பலேறி ஐரோப்பாவுல விளக்குத் திரியாச்சு!

ஆனா குழாய்ல வர்ற நிஜ கேஸ், அதாவது விக்டோரியா காலத்து லண்டன் வீட்டுக் கூடத்துல எரிஞ்ச நிலக்கரி கேஸ், இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை. கல்கத்தா தெருவுக்கு 1857லயே வந்துடுச்சு. நமக்குப் பேரு மட்டும்தான் வந்தது.

இதை எதுக்கு இழுக்கறேன்னா, செட்டிநாட்டு வீட்டுச் சரவிளக்கைப் படிக்க இந்த விஷயம் தெரிஞ்சிருக்கணும். நம்ம ஊர்லேர்ந்து பஸ்ஸில் ரெண்டு மூணு மணி நேரம் போனா காரைக்குடி, கானாடுகாத்தான். 1852ல கீழ்பர்மா பிரிட்டிஷ் கைக்குப் போச்சு, 1869ல சூயஸ் கால்வாய் திறந்தாங்க. நகரத்தார் கொண்டுவிக்கப் போய்ச் சம்பாதிச்சது பர்மா தேக்காகவும் இத்தாலி மார்பிளாகவும் பெல்ஜியம் கண்ணாடியாகவும் வந்து இறங்கிச்சு. பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சதே 1932ல. அதுக்கு முந்தியே கூடத்துல தொங்கின சரவிளக்குல என்ன எரிஞ்சிருக்கும்? மெழுகுவர்த்தி, இல்லைன்னா எண்ணெய்.

இந்தச் சரக்கு விக்கவே கம்பெனிகள் இருந்தன. பர்மிங்ஹாம் ஆஸ்லர்னு ஒண்ணு. 1851 லண்டன் கண்காட்சியில 27 அடி உயரக் கண்ணாடி நீரூற்று வெச்சு அசத்தினவங்க. 1840கள்லயே கல்கத்தாவுல கடை போட்டு நம்ம ராஜாக்களுக்கு வித்தாங்க.

எது எதுக்குப் பிறந்த விளக்குன்னு கண்டுபிடிக்கறது சுலபம். கையைப் பாருங்க (விளக்கோட கையைத்தான்). மெழுகுவர்த்தி விளக்குன்னா கண்ணாடிக் கை உள்ளே துவாரம் இல்லாம கெட்டியா இருக்கும், நுனியில மெழுகு சொட்டாம இருக்க ஒரு தட்டு. பிற்பாடு கரண்ட் கொடுத்திருந்தா வயர் வெளியில சுத்திப் போகும். கேஸ் விளக்குக்கு உள்ளே குழாயும், மூடித் திறக்கத் திருகும் உண்டு. நெருப்பு மேல்நோக்கித்தான் எரியும், அதனால இது ரெண்டுலயும் கிண்ணம் மேலே பார்க்கும். (1900க்கு அப்புறம் வந்த கவிழ்த்த மேன்டில் மட்டும் விதிவிலக்கு.) பூ மாதிரி கீழே கவிழ்ந்த ஷேடு பெரும்பாலும் கரண்டு காலத்துப் பிள்ளை. ஈயம் கலந்த கண்ணாடி கனமா இருக்கும், சுண்டினா மணி மாதிரி இழுத்துச் சத்தம் வரும். அச்சுல அழுத்தின கண்ணாடியில அச்சு சேர்ந்த கோடு தெரியும். கடையில சுண்டிப் பார்க்காதீங்க, முறைப்பாங்க.

கடைன்னதும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போகணும். 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள நுழைஞ்சதோட பல குடும்பத்துக்கு அங்கேயிருந்த சொத்து போச்சு. ஒரே வீட்டுக்கு இன்னிக்கு ஏகப்பட்ட பங்காளிகள், ஆளுக்கொரு தேசத்துல. பராமரிக்க முடியாம இடிச்ச வீட்டுத் தூணும் கதவும் குளோப்பும் அந்தத் தெருவுல விலைக்கு நிக்குது. 2014ல யுனெஸ்கோ தற்காலிகப் பட்டியல்ல செட்டிநாட்டு ஊர்கள் ஏறிச்சு, ஆனா பட்டியல் விளக்கை மாட்டி வைக்காதே.

வித்துப் போறதுகூட எனக்கு வருத்தமில்லை. அஞ்சு வீட்டு உதிரியைக் கோத்து ஒரே விளக்குன்னு விக்கறதும், வயர் தெரியக்கூடாதுன்னு கண்ணாடிக் கையில டிரில் போடறதும்தான் வயித்தெரிச்சல். துளை விழுந்தப்புறம் அது மெழுகுவர்த்திக் காலமா, வேற எதுவுமான்னு யாராலயும் சொல்ல முடியாது. வாங்கறவங்க எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடறதுக்கு முந்தி நாலு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. எந்த ஊர் வீட்டுலேர்ந்து வந்ததுன்னு கடைக்காரர் சொன்னா அதையும் ஒரு சீட்டுல எழுதி கூடவே வெச்சுடுங்க.