கூனும் முடமும்: என்பு மருத்துவம் தமிழ் பேசிய காலம்

தமிழிலக்கியம் உடற்குறைகளை அறியாததன்று. புறநானூற்றின் 28ஆம் பாட்டு மக்கட் பிறப்பில் நேரும் எண்வகை எச்சங்களை எண்ணுமிடத்துக் கூனையும் குறளையும் சேர்த்தே எண்ணுகின்றது. கூன்பாண்டியன் நின்றசீர் நெடுமாறனான வரலாற்றைப் பெரியபுராணம் பயின்றோர் யாவரும் அறிவர். ஆயின் அங்கெல்லாம் கூன் என்பது ஒருவனுக்கு வாய்த்த குறை, அல்லது அருளால் நீங்கும் குறை. எந்த என்பு, எவ்விடத்தில், எக்காரணத்தால் வளைந்தது என்னும் வினா அங்கு எழவில்லை. எழவேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதும் முறையன்று. அது புலவர் தொழிலன்று. அவ்வினா தமிழிலேயே கேட்கப்பட்டுத் தமிழிலேயே விடையும் எழுதப்பட்ட ஒரு காலம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. அதனையே ஈண்டு நோக்குவாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து காரைநகர் செல்லும் வீதியில் மானிப்பாயை அடுத்து வருவது சண்டிலிப்பாய். கல்வளைப் பிள்ளையாராலும், அப்பெருமான்மீது நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் பாடிய கல்வளையந்தாதியாலும் பெயர்பெற்ற ஊர். பனையும் தோட்டமும் நிறைந்த இத்தகைய ஊர்களிற் கைகால் முறிதல் அரிய நிகழ்ச்சியன்று. பனையேறுவோன் விழுவான், கிணற்றடியிற் சறுக்குவோர் உளர், பட்டம் விடும் சிறுவன் மதிலிலிருந்து குதிப்பான். முறிந்தவரைத் தூக்கிச் செல்வது முறிவு நெரிவு வைத்தியரிடமே. எண்ணெய் பூசி, விலகிய என்பைக் கையால் தடவியறிந்து இழுத்து நேர்ப்படுத்தி, தப்பை வைத்துக் கட்டுதல் அவருடைய முறை. செகராசசேகரம், பரராசசேகரம் என மன்னர் பெயர் தாங்கிய மருத்துவ நூல்கள் யாழ்ப்பாணத்துக்கு உண்டெனினும், என்பு கட்டும் வித்தை ஏட்டினும் பார்க்கக் கையிலேயே வாழ்ந்தது. தந்தை பிடித்த இடத்தை மகன் பிடித்துப் பழகினான்.

இவ்வித்தையை இகழ்வது எளிது. எளியதாகையால் பலரும் அதனைச் செய்துவிட்டனர். தோல் கிழியாத முறிவில், தேர்ந்த கை அசையாது கட்டிவைத்த என்பு பெரும்பாலும் கூடிவிடும். இடர் பிறிதோரிடத்தில் இருந்தது. கட்டு அளவுக்கு மீறி இறுகினால் உள்ளே வீங்கும் தசைக்குக் குருதி செல்லாது. தசை மடிந்து, நார்போற் சுருங்கி, விரல்களை உள்நோக்கி இழுத்துக்கொள்ளும். முழங்கையருகே முறிந்த சிறுவரிடத்து இது மிகுதியாகக் காணப்படும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் வொல்க்மன் 1881இல் இதனை விளக்கிய பின்னரே மருத்துவ உலகு இதன் காரணத்தைத் தெளிந்தது. முறிவு கூடியும் கை முடமாயிற்று. ஊரார் அதனை விழுந்ததன் பயன் என்றே கொண்டனர். கட்டிய கைக்குத் தெரியாதது ஒன்றுண்டு: தோலுக்குக் கீழே குருதிக்குழாயும் நரம்பும் செல்லும் வழி. அதனைக் கற்பிப்பது உடற்கூற்று நூலே.

அந்நூல் சண்டிலிப்பாய்க்கு அடுத்த ஊரில் உருவானது. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) அமெரிக்க மிசனின் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலும், 1848 முதல் மானிப்பாயிலும் பணிபுரிந்தார். நோயாளரைப் பார்ப்பதோடு அமையாது, உள்ளூர் இளைஞரைத் திரட்டி மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நடந்த வகுப்பு 1864 முதல் தமிழில் நடந்தது. பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கும் மருத்துவரன்றி, தம் ஊரிலேயே தங்கி மருத்துவஞ் செய்வோர் வேண்டும் என்பது அவர் கருத்து. மதம் பரப்புதலும் அவர் நோக்கங்களுள் ஒன்றென்பது வெளிப்படை. அது பற்றிய வாதம் இங்கு வேண்டா. மொழி பற்றி அவர் எடுத்த முடிவு அந்நோக்கத்தினும் நீடித்த பயனுடையது.

கிறீனும் அவர் மாணாக்கரும் சேர்ந்து பெயர்த்தும் தொகுத்தும் வெளியிட்ட நூல்களுள் இரண்டு நம் பொருளுக்கு நேரே உரியன. இங்கிலாந்தின் ட்றூயிற் எழுதிய அறுவை மருத்துவ நூல் ‘இரணவைத்தியம்’ என 1867இல் அச்சேறியது. கிறேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என 1872இல், எண்ணூறு பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூலாக வந்தது. மூலம் இலண்டனில் வெளிவந்தது 1858இல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழுக்கு வந்துவிட்டது. இன்றைய பாடநூல்கள் எத்தனை இவ்விரைவில் தமிழைச் சேர்கின்றன என எண்ணிப் பார்க்கலாம். அங்காதிபாதம் என்ற சொல் நம் செவிக்குக் கேசாதிபாதத்தை நினைவூட்டும். தலைவியை முடி முதல் அடி வரை வருணித்த மொழி, மனித உடலின் இருநூற்றுக்கு மேற்பட்ட என்புகளை வரிசைப்படுத்தி நிறுத்தத் தலைப்பட்டது. வடசொல் மலிந்த அந்நடை இன்று நமக்குக் கடினமாயிருக்கலாம். ஆயினும் என்புக்கும் மூட்டுக்கும் பெயரிட்டு, அவை இயங்கும் முறையைத் தமிழ் வாக்கியங்களில் எழுத இயலும் என்பதை அது காட்டிவிட்டது.

காலம் அந்நூல்களுக்கு முழுதும் துணைநிற்கவில்லை. தோல் கிழித்து என்பு வெளிவந்த முறிவிற் சீழ்பிடித்து இறப்போர் பலர். உயிர் காக்கக் காலைத் துணிப்பதே வழக்கம். காபோலிக் அமிலங்கொண்டு அத்தகைய முறிவுகளைக் காத்த முறையை லிஸ்ரர் வெளியிட்டது 1867இல், ‘இரணவைத்தியம்’ அச்சேறிய அதே ஆண்டில். கூனுக்கு ஒரு பெருங்காரணம் முள்ளந்தண்டைப் பற்றும் காசம். அக்கூனையும் அதனோடு வரும் கால்வாதத்தையும் பேர்சிவல் பொற் 1779இலேயே விரித்துரைத்திருந்தார். நோய்க்கிருமியைக் கொக் கண்டது 1882இல். என்பை உயிரோடு காட்டும் எக்ஸ் கதிர் 1895இல் வந்தது. அப்போது கிறீன் உயிருடன் இல்லை. 1873இல் தாயகம் திரும்பிய அவர், அங்கிருந்தும் தமிழ்நூற் பணியைத் தொடர்ந்து, 1884இல் மறைந்தார்.

தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கிற்று. அரச உத்தியோகமும் மதிப்பும் அவ்வழியே சென்றன. மாணவர் அவ்வழி போனதைக் குறைகூற முடியாது. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் அமைந்தபோதும் பயிற்று மொழி ஆங்கிலமே. போர் எத்தனையோ பேரின் கால்களைக் கொண்டுசென்றது. அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

மொழி இங்கு ஏன் பொருட்டாகின்றது என்பதற்குப் பிறவியிலேயே உள்நோக்கித் திரும்பிய பாதம் ஒன்றே போதிய சான்று. ஒரு காலத்தில் நாணையும் மூட்டையும் விரிவாக அறுத்தே இதனைத் திருத்தினர். அமெரிக்காவில் அயோவாவிற் பணியாற்றிய பொன்செற்றி வகுத்த முறையில், குழந்தையின் பாதத்தைக் கையால் மெல்லத் திருப்பி, வாரந்தோறும் மாக்கட்டு மாற்றி, ஐந்தாறு வாரங்களில் நேராக்குவர். தேவையாயிற் குதிகால் நாணை வெட்டுவர். பிடித்து உணரும் கைத்திறனே இதற்கு முதல். முறிவு வைத்தியர் இதனைக் கண்டால் தம் வித்தையின் உறவை இனங்காண்பார். கட்டு அவிழ்ந்த பின் குழந்தை ஒரு கோலால் இணைக்கப்பட்ட சப்பாத்தை முதல் மூன்று மாதம் ஏறக்குறைய நாள் முழுதும், பின்னர் நான்கு வயது வரை உறங்கும்போதும் அணியவேண்டும். பாதம் நேராகிவிட்டதே என்று தாய் அதனைக் கழற்றினால் வளைவு மீளும்; மீள்வதற்குப் பெருங்காரணம் இதுவே. ஆகவே, நேரான பாதம் ஏன் மீண்டும் திரும்பும் என்பதைத் தாய்க்கு விளங்கவைத்தல் மருத்துவத்தின் ஒரு பகுதியாகின்றது. பாதத்து என்புகளின் பெயர்களை ஆங்கிலத்திற் கற்ற டாக்டர், அவ்விடத்திலேயே சொல் தேடித் தமிழாக்கிச் சொல்கின்றார். கிறீனும் மாணாக்கரும் அச்சிற் செய்த வேலை, எழுத்தில் ஏறாமல், ஒவ்வொரு தாய்க்காகவும் புதிதாகச் செய்யப்படுகின்றது.