தளர்நடைப் பருவத்தில் உணவு மறுப்பு

ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தை, நேற்றுவரை விரும்பித் தின்றதை இன்று தட்டிவிடுவதும், புதிய பண்டத்தைத் தொடவே மறுப்பதும், ஊட்டிய சோற்றை விழுங்காமல் கன்னத்தில் அதக்கிக்கொள்வதும் உணவு மறுப்பு எனப்படும். பெரும்பாலான குழந்தைகளிடம் இது நோயன்று, வளர்ச்சியின் ஒரு கட்டம்.

முதற்காரணம், வளர்ச்சியின் வேகம் தணிவது. 3 கிலோ எடையுடன் பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளில் சுமார் 9 கிலோவைத் தொடுகிறது. அடுத்த ஓராண்டில் கூடுவதோ 2 முதல் 2.5 கிலோதான். உடலின் தேவை அந்த அளவுக்கு மட்டுப்படுவதால் பசியும் மட்டுப்படுகிறது. இரண்டு வயதையொட்டிப் புதிய உணவின் மீது அச்சமும் எழும். கீரையும் கசப்புக் காய்களும்தான் முதலில் ஒதுக்கப்படும். பல் முளைப்பது, சளி, மலச்சிக்கல் ஆகியவையும் பசியைக் கெடுக்கும். பலரும் கவனிக்கத் தவறும் காரணம் பால். சோறு இறங்கவில்லை, பாலாவது குடிக்கட்டும் என்று நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பசும்பால் கொடுத்தால் வயிறு பாலிலேயே நிறைந்துவிடுகிறது. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதனால் வரும் இரத்தசோகை, இருக்கிற பசியையும் அடக்கிவிடும்.

குழந்தைக்குத் தன் பசி தெரியுமா என்ற கேள்வியை நேரடியாகச் சோதித்தவர் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கிளாரா டேவிஸ். 1920களில் அவர் தொடங்கிய ஆய்வில், பால்குடி மறந்த குழந்தைகள் 15 பேர் பங்கேற்றனர். உப்பும் சர்க்கரையும் சேர்க்காத 34 எளிய உணவுகள் அவர்களுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டன; அவற்றிலிருந்து வேளைதோறும் சில முன்னே வைக்கப்பட்டன. செவிலியர் கரண்டியுடன் அருகில் இருப்பார். குழந்தை கைநீட்டினால் மட்டுமே ஊட்டுவார், புகழவோ கடியவோ மாட்டார். ஒரு வேளை முட்டையாகத் தின்றார்கள், மறுவேளை பழமாகத் தின்றார்கள். ஆயினும் எல்லாருமே நன்கு வளர்ந்தனர். ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு நோயுடன் வந்த ஒரு குழந்தை, நோய் தீரும்வரை மீன் எண்ணெயைத் தானே எடுத்துக் குடித்தது. இனிப்பும் பொரித்த தீனியும் இல்லாத பட்டியலைப் பெரியவர்கள் வகுத்ததில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று 1939இல் டேவிஸே எழுதினார். இந்த ஆய்வில் இன்று பலர் மறந்துவிடும் பாதி இதுவே.

1980களில் உணவியலாளர் எலின் சாட்டர் இதே எண்ணத்தை வீட்டுக்குரிய விதியாக்கினார்: எதை, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு; எவ்வளவு, உண்பதா வேண்டாமா என்பது குழந்தையின் பொறுப்பு. வற்புறுத்தல் எதிர்விளைவையே தரும். 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சூப்பை முடிக்கச் சொல்லி நெருக்கப்பட்ட பாலர் வயதுக் குழந்தைகள், நெருக்கப்படாதபோது குடித்ததைவிடக் குறைவாகவே குடித்தனர். கைப்பேசியைக் காட்டி ஊட்டுவதும் இத்தகையதே. கண் திரையில் இருக்கையில் வயிறு நிறைந்தது குழந்தைக்குத் தெரிவதில்லை. இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியது இதுதான்: மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு சிற்றுண்டி. நடுவே பிஸ்கட், ஜூஸ் கிடையாது. வீட்டாருடன் உட்காரவைத்து, அவர்கள் உண்பதையே காரம் குறைத்துச் சிறிதளவு வைத்தால் போதும். இட்லியைப் பிய்த்து இறைத்தாலும் தானே எடுத்துத் தின்னவிட வேண்டும். மறுத்த காயை விட்டுவிடாமல் சில நாள் கழித்து மீண்டும் வைக்கலாம். ஒரு சுவை பழகப் பத்துப் பதினைந்து முறைகூட ஆகலாம். அரைமணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுவது நல்லது.

எடை கூடாமல் நிற்பது, விழுங்கும்போது புரையேறுவது, அடிக்கடி வாந்தி, முகம் வெளிறுவது, மண் தின்பது, உண்ணும் வகைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்குவது ஆகியவை மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகள். அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை பார்த்துக் குறிக்கும் வளர்ச்சி அட்டை, காலியாகாத கிண்ணத்தைவிட நம்பகமான சான்று. பசியைத் தூண்ட விற்கப்படும் சிரப்புகளில் சில தூக்கக் கலக்கம் தரும் மருந்து கலந்தவை. மருத்துவர் எழுதித் தராமல் அவற்றைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.